அந்த லப்டொப்புக்கு வயது போகவில்லை

"கொம்பியூட்டர் பழசாப் போச்சு, புதுசு ஒண்டு எடுப்பம்" என்ற கதை உங்கள் வீட்டில் தொடங்கிவிட்டதா, தம்பிமார், தங்கச்சிமார்? கடைக்குப் போக முதல் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். லப்டொப்பைத் திறந்து கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்துங்கள். டாஸ்க் மனேஜர் வரும். அதில் சிபியூ, மெமரி, டிஸ்க் என்று நிரல்கள் இருக்கும். டிஸ்க் என்ற தலைப்பை ஒருதரம் அழுத்தினால், ஆர் அதிகம் வேலை வாங்குகிறார் என்பது முதல் வரியில் வந்து நிற்கும்.

வேலை நாட்களில் நான் நிறுவனங்களின் கணினிகளோடு மாரடிக்கிறேன். சனி ஞாயிறுகளில் வில்லாவுட்டிலும் பக்கத்துச் சபேர்ப்களிலும் தெரிந்தவர்களின் வீட்டுப் பெட்டிகள் என் மேசைக்கு வரும். "வைரஸ் பிடிச்சிட்டுது போல, சரியான ஸ்லோ" என்றுதான் எல்லாரும் தருவார்கள். திறந்து பார்த்தால் வைரஸ் இருந்ததைவிட, முதல் வரியில் அன்ரிவைரஸ் இருந்த தடவைகளே கூட. (அன்ரிமார் கோவிக்க வேண்டாம். பெயர் அப்படி அமைந்துவிட்டது.)

ஆகவே நேராகவே சொல்கிறேன். இன்றைய வின்டோஸ் கொம்பியூட்டரில், வருடாவருடம் காசு கட்டும் அன்ரிவைரஸ் உங்கள் வீட்டுக்குத் தேவையில்லை. அது கொம்பியூட்டரை மந்தமாக்குகிறது, காசைத் தின்கிறது, அதைவிட மோசமாக அம்மா அப்பாவைப் பயந்து பயந்து பட்டன் அழுத்தப் பழக்குகிறது. அதைக் கழற்ற வேண்டியவர்கள் நீங்கள்தான். வீட்டில் வேறு ஆருக்கும் அதைத் தொட்டுப் பார்க்கத் துணிவு வராது.

முதலில் வேகம். ஹோம்வேர்க்குக்காக வேர்டைத் திறக்கிறீர்கள். உங்களுக்கு அது ஒரு கிளிக். உள்ளே வின்டோஸ் நூற்றுக்கணக்கான கோப்புகளைத் திறக்கிறது: வேர்டின் பாகங்கள், எழுத்துருக்கள், அமைப்புகள், கடைசியில்தான் உங்கள் கட்டுரை. அன்ரிவைரஸ் இந்தப் பாதையின் நடுவில், வின்டோஸின் அடிமட்டமான கேர்னலுக்குள் ஒரு வடிகட்டியைச் செருகி வைத்திருக்கிறது. திறக்கப்படும் கோப்பை அது மறிக்கும். தன்னிடமுள்ள அடையாளப் பட்டியலோடு ஒப்பிடும். சிப் கோப்பு என்றால் அவிழ்த்துப் பார்க்கும். முன்பின் தெரியாத நிரல் என்றால் ஒரு போலி அறைக்குள் கொஞ்சம் ஓடவிட்டுப் பார்க்கும். அதற்குப் பிறகுதான் போக விடும். அப்பாவுக்கு விளங்கப்படுத்த வேண்டுமென்றால் செக்பொயின்ற் என்று சொல்லுங்கள், உடனே விளங்கும்.

புதுக் கொம்பியூட்டரில் இந்த மறிப்பு பெரிதாகத் தெரியாது. பிரச்சினை, எங்கள் வீடுகளில் இருப்பவை பெரும்பாலும் விலைக்கழிவில் வாங்கியவை, அல்லது ஒரு அண்ணாவிடமிருந்து தம்பிக்கு இறங்கியவை. அவற்றில் பலவற்றில் இன்னும் சுழலும் ஹார்ட் டிஸ்க்தான். நிமிடத்துக்கு 5,400 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 11 மில்லிசெக்கன். வாசிக்கும் முனை இடம் மாறும் நேரத்தையும் சேர்த்தால், அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கும் சின்னக் கோப்புகளை ஒரு செக்கனுக்கு 60, 70 தடவைதான் அது எட்டலாம். எஸ்எஸ்டி அதே செக்கனில் ஆயிரக்கணக்கில் எட்டும். அந்த 60, 70 தடவையில் பாதியை அன்ரிவைரஸ் தன் சோதனைக்கு எடுத்துக்கொண்டால் மிச்சம் உங்களுக்கு. அதோடு மெமரி 4 ஜிபிதான் என்றால், வின்டோஸ் ஒரு பெரிய பங்கை எடுக்கும், பிரவுசர் மற்றதை எடுக்கும், அன்ரிவைரஸ் வந்து குந்தும்போது இடமில்லை. இடமில்லாத மெமரியை வின்டோஸ் டிஸ்க்கில் எழுதி வைக்கும். அதே 5,400 சுற்று டிஸ்க்கில்.

எங்கள் வீடுகளுக்கென்று இன்னொரு விசேஷமும் உண்டு. முழு ஸ்கேனை அன்ரிவைரஸ்கள் பெரும்பாலும் ஆள் பாவிக்காத நேரத்துக்குப் போட்டு வைக்கும், இரவு 2 மணி மாதிரி. ஆனால் கரன்ற் பில்லுக்குப் பயந்து எங்கள் வீடுகளில் படுக்க முதல் சுவரிலேயே சுவிட்சை அணைத்துவிடுவார்கள். 2 மணிக்குக் கொம்பியூட்டர் செத்துக் கிடக்கும். தவறிய ஸ்கேன் அடுத்த தடவை கொம்பியூட்டர் எழும்பியதும் தொடங்கும். அடுத்த தடவை எப்போது? நீங்கள் பள்ளிக்கூடத்தால் வந்து, நாளைக்குக் கொடுக்க வேண்டிய அசைன்மென்றைத் திறக்கும்போது.

சரி, ஸ்கேன் பண்ணுவது அதன் வேலை என்று வைத்துக்கொள்வோம். இப்போது விற்கிற பெட்டிக்குள் ஸ்கேனர் மட்டுமா இருக்கிறது? விபிஎன், பாஸ்வேர்ட் காவலன், கமெராக் காவலன், பிரவுசருக்குள் ஒரு ஒட்டுப்பொருள், எல்லாவற்றுக்கும் மேலாக, கொம்பியூட்டரை வேகமாக்கித் தருகிறேன் என்று ஒரு "டியூன் அப்". மந்தமாக்கியவர் மருந்துக்கும் காசு கேட்கிறார். எனக்கு இதுதான் தாங்க முடியாதது.

மந்தமான கொம்பியூட்டர் எவ்வளவு நல்ல வியாபாரம் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு வழக்கே இருக்கிறது. ஆஃபிஸ் டிப்போ என்ற பெரிய கடை, சப்போர்ட் டொட் கொம் என்ற நிறுவனத்தின் மென்பொருளை வைத்து, வாடிக்கையாளரின் கொம்பியூட்டருக்கு இலவசச் சோதனை செய்து கொடுத்தது. சோதனை தொடங்க முதல் நான்கு கேள்விகள். கொம்பியூட்டர் மெதுவாக இருக்கிறதா, அடிக்கடி நின்றுபோகிறதா, விளம்பரப் பெட்டிகள் குதிக்கின்றனவா, வைரஸ் எச்சரிக்கை வந்ததா. நான்கில் ஏதாவது ஒன்றுக்கு ஆம் என்று குறித்தால் போதும், தீம்பொருளின் அறிகுறி இருக்கிறது என்று முடிவு வந்துவிடும். ஸ்கேன் என்ன கண்டுபிடித்தது என்பதற்கும் அந்த முடிவுக்கும் சம்பந்தமே இல்லை. அதைக் காட்டி நூற்றுக்கணக்கான டொலருக்குத் திருத்த வேலை விற்றார்கள். 2019 மார்ச்சில் அமெரிக்க வர்த்தக ஆணையம் இரண்டு நிறுவனங்களிடமும் சேர்த்து 3.5 கோடி டொலர் வாங்கியது. "ஸ்லோவா இருக்கு" என்று சொன்னதுதான் அந்த வாடிக்கையாளர்கள் செய்தது. என் மேசைக்குப் பெட்டி கொண்டுவருபவர்கள் எல்லாரும் சொல்வதும் அதைத்தான்.

இங்கே சிட்னியிலும் கவுண்டரில் நின்று பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம், மகளுக்கு ஹைஸ்கூல் தொடங்குகிறது என்று எண்ணி எண்ணிச் சேர்த்த காசோடு லப்டொப் வாங்கப் போனார்கள். பெயர் வேண்டாம், ஒரு கடை. பில் போடும்போது "இது இல்லாமல் இன்டர்நெட்டுக்குப் போனால் நாங்கள் பொறுப்பில்லை" என்று சொல்லி அன்ரிவைரஸ் பெட்டி ஒன்றையும் சேர்த்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து திறந்தால், லப்டொப்புக்குள் இன்னொரு கம்பனியின் அன்ரிவைரஸ் சோதனைப் பதிப்பு ஏற்கெனவே இருக்கிறது. லப்டொப் தயாரிப்பவர்களுக்குக் காசு கொடுத்து அதை உள்ளே வைப்பது இந்தத் துறையின் பழைய வியாபார முறை. ஆக, புதுப் பெட்டியில் முதல் நாளிலேயே இரண்டு வடிகட்டிகள், ஒன்று மறிப்பதை மற்றது மறிக்கிறது. அந்தப் பிள்ளை பாவம், புது லப்டொப் என்றால் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

அப்போ பாதுகாப்பு வேண்டாமா? வேண்டும், அது உங்களிடம் இருக்கிறது. மைக்ரோசொஃப்ட் 2009இல் செக்யூரிட்டி எசென்ஷல்ஸ் என்று இலவசமாக ஒன்றைத் தந்தது. 2012இல் வின்டோஸ் 8 வந்தபோது அதை டிஃபென்டர் என்ற பெயரில் வின்டோஸுக்குள்ளேயே வைத்துவிட்டது. வேறொரு அன்ரிவைரஸ் வந்து பதிந்தால் டிஃபென்டர் மரியாதையாக ஒதுங்கிக்கொள்ளும். அதை நீக்கினால் தானே திரும்ப எழும்பும். தொடக்க வருடங்களில் அது மட்டமான மாணவன்தான், அந்தக் காலத்தில் வேறு ஒன்றைப் போடச் சொன்னவர்களில் பிழையில்லை. இப்போது நிலைமை வேறு. ஜெர்மனியில் மக்டபேர்க் நகரில் இருக்கும் ஏவி-டெஸ்ட் என்ற பரிசோதனை நிலையம் பல வருடங்களாக அதைக் காசுக்கு விற்பவற்றோடு ஒரே வரிசையில் நிறுத்திப் புள்ளி கொடுக்கிறது. ஃபயர்ஃபொக்ஸ் உருவாக்கத்தில் வேலைசெய்த நியூசிலாந்துக்காரர் ரொபர்ட் ஓ'கலஹன், மைக்ரோசொஃப்டினுடையதைத் தவிர மற்ற அன்ரிவைரஸ்களைக் கழற்றுங்கள் என்று 2017 ஜனவரியிலேயே பகிரங்கமாக எழுதினார். அவை பிரவுசருக்குள் மூக்கை நுழைத்து, பிரவுசரின் சொந்தப் பாதுகாப்பையே குழப்புகின்றன என்பது அவருடைய கோபம்.

டிஃபென்டரும் இறகு மாதிரி இலேசானதில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஃபயர்ஃபொக்ஸ் பாவிக்கும்போது அது தேவையில்லாமல் சிபியூவைத் தின்கிறது என்று 2018இல் முறைப்பாடு பதிவானது. திருத்தம் வந்தது 2023இல். ஐந்து வருடம்! வேகத்தை மட்டும் அளக்கும் சோதனைகளில் அது முதலிடத்துக்கு வருவதுமில்லை, காசுக்கு விற்கும் சில அதைவிட இலேசாக ஓடுகின்றன. ஆனால் சோதனை நிலையம் அளப்பது புத்தம் புதிதாக நிறுவிய ஒன்றை. உங்கள் வீட்டில் இருப்பது, மூன்று வருடமாகப் புதுப்பித்துப் புதுப்பித்து, ஒவ்வொரு தடவையும் ஒரு புது ஒட்டுப்பொருளைச் சேர்த்துக்கொண்டது.

மந்தம் தலைவிதி இல்லை என்பதற்கு எங்கள் ஆட்களின் உதாரணமே உண்டு. சென்னையில் ஜெ. கேசவர்த்தனன் 1990களின் தொடக்கத்தில் ஆரம்பித்த கே7 கம்பியூட்டிங், பழைய இயந்திரத்திலும் இலேசாக ஓடுவதற்குப் பெயர் எடுத்தது. அதன் இயந்திரத்தை உள்ளே வைத்து ஜப்பானில் சோர்ஸ்நெக்ஸ்ட் என்ற நிறுவனம் விற்ற பதிப்புக்கு வருடாந்தப் புதுப்பிப்புக் காசே கிடையாது, ஒருதரம் வாங்கினால் சரி. இலேசாகவும் எழுதலாம், வருடாவருடம் கறக்காமலும் விற்கலாம் என்று ஒரு சென்னை நிறுவனத்தின் சரக்கு ஜப்பானில் காட்டியிருக்கிறது. மற்றவர்கள் அப்படிச் செய்யாதது தெரியாமல் இல்லை.

கறப்பது என்று சொன்னேன் அல்லவா, அதற்கும் ஆதாரம் தருகிறேன். வாடிக்கையாளருக்குத் தெளிவாகச் சொல்லாமல் அட்டையில் இருந்து தானாகப் புதுப்பிப்புக் காசு எடுத்ததற்காக, மக்கஃபியும் நோர்ட்டனைச் செய்த சைமன்டெக்கும் 2009இல் நியூயோர்க் மாநிலச் சட்டமா அதிபருக்கு ஆளுக்கு 3,75,000 டொலர் கட்டின. பன்னிரண்டு வருடம் கழித்து, 2021இல், பிரித்தானியாவின் போட்டி ஆணையம் அதே இரண்டு பெயர்களிடமும் அதே தானியங்கிப் புதுப்பிப்பைப் பற்றி உறுதிமொழி வாங்க வேண்டியிருந்தது. அதே 2021இல் நோர்ட்டன் தன் மென்பொருளுக்குள் கிரிப்டோ நாணயம் தோண்டும் கருவியைச் சேர்த்தது. விரும்பி இயக்கினால் மட்டும்தான் ஓடும், ஆனால் தோண்டியதில் 15 வீதம் நிறுவனத்துக்கு. வீட்டுக் கொம்பியூட்டரைக் காக்க வந்த மென்பொருள், அதன் சிப்பையும் உங்கள் கரன்ற் பில்லையும் வைத்துச் சம்பாதிக்க நினைத்திருக்கிறது.

இலவச அன்ரிவைரஸ் என்று தேடிப் போகிறவர்களுக்கு அவாஸ்ட் கதை. அதைப் பாவித்தவர்கள் எந்தெந்த இணையப் பக்கங்களுக்குப் போனார்கள் என்ற விபரத்தைச் சேர்த்து, ஜம்ப்ஷொட் என்ற துணை நிறுவனம் வழியாக விற்றார்கள். 2020 ஜனவரியில் பத்திரிகையாளர்கள் அதை வெளியில் கொண்டுவந்த பிறகுதான் ஜம்ப்ஷொட்டைப் பூட்டினார்கள். 2024இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் விதித்தது 1.65 கோடி டொலர். உங்களை ஒற்றுப் பார்க்கும் மென்பொருளைத் தடுப்பேன் என்று சொல்லித்தான் அதை மக்கள் வீட்டுக்குள் விட்டிருந்தார்கள். இன்று நோர்ட்டன், அவாஸ்ட், ஏவிஜி, அவிரா நான்கும் ஜென் டிஜிட்டல் என்ற ஒரே முதலாளியின் கீழ். கடையில் நான்கு நிறப் பெட்டிகளைத் தூக்கித் தூக்கி ஒப்பிட்டுப் பார்க்கும் மாமாமாரைக் கண்டால் சொல்லிவிடுங்கள்.

கேர்னல் என்று மேலே ஒரு சொல் வந்தது. அது ஏன் முக்கியம் என்று கேட்டால், இந்த நாட்டிலேயே இரண்டு கதை இருக்கிறது. 2010 ஏப்ரலில் மக்கஃபி அனுப்பிய ஒரு அடையாளப் பட்டியல், வின்டோஸ் எக்ஸ்பியின் சொந்தக் கோப்பான எஸ்விசிஹோஸ்ட்டையே வைரஸ் என்று பிடித்தது. கொம்பியூட்டர்கள் ஓயாமல் அணைந்து எழும்பின. மேற்கு ஆஸ்திரேலியாவிலும் தென் ஆஸ்திரேலியாவிலும் கோல்ஸ் கடைகளின் பில் போடும் இயந்திரங்கள் விழுந்து, சில கடைகளைப் பூட்ட வேண்டி வந்தது. இரண்டாவது உங்களுக்கே நினைவிருக்கும். 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை, சிட்னி நேரம் பிற்பகல் 2 மணி தாண்டி, கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய ஒரு சின்னக் கோப்பால் உலகெங்கும் 85 இலட்சம் வின்டோஸ் கணினிகள் நீலத் திரையில் நின்றன. இங்கே சுப்பர்மார்க்கெட் கவுண்டர்கள், விமானங்கள், தொலைக்காட்சி எல்லாம் தடுமாறின. பிழையான கோப்பை 78 நிமிடத்தில் திருப்பி எடுத்தார்கள். விழுந்த கணினிகளை ஒவ்வொன்றாகக் கையால் எழுப்ப எங்களைப் போன்றவர்களுக்கு அந்த வார இறுதி முழுக்கப் போனது. கிரவுட்ஸ்ட்ரைக் வீட்டுக்கு விற்கிற சாமான் இல்லை, நிறுவனங்களுக்கானது. ஆனால் இடம் அதே இடம்: வின்டோஸின் அடிமட்டம். ஒரு கொசுறுச் செய்தி, 2010இல் மக்கஃபியின் தொழில்நுட்பத் தலைவராக இருந்த ஜோர்ஜ் கர்ட்ஸ்தான் 2024இல் கிரவுட்ஸ்ட்ரைக்கின் தலைவர்.

அந்த அடிமட்டத்தில் இருக்கும் மென்பொருளில் ஓட்டை இருந்தால் கள்ளனுக்கு அது தலைவாசல். 2016இல் கூகிளின் டேவிஸ் ஓர்மண்டி, சைமன்டெக்கின் சரக்கில் அப்படி ஓட்டைகளைக் கண்டுபிடித்தார். ஒரு மின்னஞ்சலை அனுப்பினாலே போதும், பெறுபவர் திறக்கக்கூடத் தேவையில்லை, அன்ரிவைரஸ் தானாகப் பிரித்துப் பார்க்கப் போய் மாட்டிக்கொள்ளும்.

இவ்வளவும் சொன்னாலும், எனக்கு உண்மையில் கொதிப்பது வேகத்திலும் இல்லை, காசிலும் இல்லை.

எங்கள் அம்மா அப்பாமார் கடிதத்துக்குப் பயந்து வாழ்ந்த ஆட்கள். வில்லாவுட் உங்களுக்கு ஒரு ஸ்டேஷன், கடைத்தெரு. படகில் வந்த எங்கள் ஆட்கள் பலருக்கு அது தடுப்பு முகாமின் பெயர். உள்ளே இருந்தபோதும் சரி, வெளியே வந்த பிறகும் சரி, இங்கிலிஷில் ஒரு தாள் வந்தால், திகதிக்குள் பதில் போடாவிட்டால் என்ன நடக்கும் என்று பட்டுத் தெரிந்தவர்கள். அப்படிப்பட்ட ஒரு மனிதருக்கு முன்னால் திரையின் மூலையில் சிவப்புப் பெட்டி ஒன்று குதித்து, உங்கள் பாதுகாப்பு முடிந்துவிட்டது, நீங்கள் ஆபத்தில் இருக்கிறீர்கள், இப்போதே புதுப்பியுங்கள் என்று சொன்னால் அவர் என்ன செய்வார்? அட்டையை எடுப்பார். அது விளம்பரம் என்று அவருக்கு ஆர் சொன்னார்கள்?

இதை வருடக்கணக்காகச் செய்து பழக்கிவிட்டால், அதே நிறத்தில் அதே சொற்களோடு கள்ளன் ஒருவன் பெட்டி போடும்போது அவர் அதற்கும் அட்டையை எடுப்பார். இன்று கள்ளர் வருவது பெரும்பாலும் அப்படித்தான். "உங்கள் நோர்ட்டன் புதுப்பிக்கப்பட்டது, 400 டொலர் எடுக்கப்படும், வேண்டாமென்றால் இந்த எண்ணுக்கு எடுங்கள்" என்ற மாதிரி மின்னஞ்சல். எடுத்தால் இனிமையாகக் கதைத்து, எனிடெஸ்க் மாதிரி ஒன்றை இறக்கச் சொல்லி, வங்கிப் பக்கத்தைத் திறக்க வைப்பார்கள். எனிடெஸ்க் வைரஸ் இல்லை, நல்ல மென்பொருள், நானும் வேலையில் பாவிக்கிறேன். வீட்டுக்காரர் தானே இறக்கித் தானே கதவைத் திறந்துவிட்டால் அன்ரிவைரஸ் எதைப் பிடிப்பது? பயமுறுத்தும் பெட்டியைக் கண்டால் மூடிவிட வேண்டும் என்று அம்மாவுக்குப் பழக்க வேண்டிய காலத்தில், பயமுறுத்தும் பெட்டிக்குக் கீழ்ப்படியப் பழக்கியவர்கள் இவர்கள்.

இதை நான் ஒரு மாமாவுக்குச் சொன்னபோது அவர் சிரித்தார். "பிள்ளை, சும்மா தாறதில என்ன பாதுகாப்பு இருக்கப் போகுது? காசு குடுத்தா ஒரு பொறுப்பு இருக்குமெல்லே." மாமா, நீங்கள் வின்டோஸுக்குக் காசு கொடுத்துவிட்டீர்கள், லப்டொப்பின் விலைக்குள் அது இருக்கிறது. டிஃபென்டர் சும்மா வரவில்லை. பொறுப்பைப் பற்றி என்றால், அந்த ஒப்பந்தத்தின் சின்ன எழுத்தை ஒருநாள் வாசிப்போம் வாருங்கள் என்றேன். இன்னும் வரவில்லை. அடுத்து அவர் கேட்டது கொஞ்சம் நல்ல கேள்வி: டிஃபென்டர் தவறவிட்டால்? தவறவிடும். எல்லாமே தவறவிடும். எந்த வைரஸையும் பிழையில்லாமல் கண்டுபிடிக்கும் நிரலை எழுதவே முடியாது என்று 1980களிலேயே பிரெட் கோஹன் கணிதத்தால் காட்டிவிட்டார். இரண்டாவது அன்ரிவைரஸுக்குக் கொடுக்கும் காசில் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கி, குடும்பப் படங்களையும் பத்திரங்களையும் அதில் நகலெடுத்து, வயரைக் கழற்றி அலுமாரியில் வையுங்கள். ரான்சம்வேர் அலுமாரிக்குள் வராது.

இனி வேலை. முதலில் அம்மா அப்பாவிடம் கேளுங்கள், அது அவர்கள் கட்டிய காசு. பள்ளிக்கூடமோ அப்பாவின் வேலைத்தலமோ கொடுத்த லப்டொப் என்றால் தொடவே வேண்டாம், அதற்கு வேறு ஆட்கள் பொறுப்பு. வீட்டுப் பெட்டியில் செட்டிங்ஸுக்குள் அப்ஸ் போய், அன்ரிவைரஸையும் அதோடு வந்த விபிஎன், டியூன் அப் பரிவாரங்களையும் ஒவ்வொன்றாக நீக்குங்கள். "உறுதியாகவா? ஆபத்து!" என்று இரண்டு மூன்று தடவை கேட்கும். பதற வேண்டாம். அதன் பிறகும் மிச்சம் சொச்சம் இருந்தால், பெரிய நிறுவனங்கள் தங்கள் தளத்திலேயே துடைத்தெடுக்கும் கருவி வைத்திருக்கின்றன. தேடல் விளம்பரத்தில் வருவதை இறக்காமல் நிறுவனத்தின் தளத்துக்கே போங்கள். றீஸ்டார்ட் பண்ணுங்கள். வின்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, மைக்ரோசொஃப்ட் டிஃபென்டர் எழும்பிவிட்டதா என்று பாருங்கள். பச்சைக் குறி வரும்வரை இணையத்தில் உலாவ வேண்டாம்.

பிறகு வின்டோஸ் அப்டேட்டை ஓடவிடுங்கள். உங்களிடம் இருப்பது வின்டோஸ் 10 என்றால், அதற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14இல் முடிந்துவிட்டது. நீட்டித்த பாதுகாப்புத் திருத்தங்களில் சேரலாம், அதுவும் 2026 ஒக்ரோபர்வரைதான். எங்கள் அன்ரிவைரஸ் இருந்தால் பழைய வின்டோஸ் பாதுகாப்பு என்று விளம்பரம் வரும், நம்பாதீர்கள். ஓட்டையை அடைப்பது திருத்தம்தான். ஹார்ட் டிஸ்க் இன்னும் சுழலும் வகை என்றால், ஒரு வருடப் புதுப்பிப்புக் காசை வைத்துச் சின்ன எஸ்எஸ்டி ஒன்றைப் பாருங்கள். மாற்றித் தர ஆளில்லை என்றால் ஞாயிறு பின்னேரம் என்னிடம் கொண்டு வரலாம், தேத்தண்ணியும் தருவேன்.

நீக்கியதோடு காசு எடுப்பது நிற்காது. மென்பொருள் போனாலும் சந்தா இருக்கும், வருடம் முடியும் நாளில் அட்டையில் இருந்து போகும். அப்பாவை அருகில் இருத்தி, நிறுவனத்தின் தளத்தில் அவருடைய கணக்குக்குள் போய், தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்துங்கள். நிறுத்தியதற்கு மின்னஞ்சல் வந்ததா என்று பார்த்து அதைச் சேமித்து வையுங்கள். அதன் பிறகும் காசு போனால் வங்கிக்கு எடுத்துச் சொல்லுங்கள். எண்ணை மின்னஞ்சலில் தேடாமல் அட்டையின் பின்புறத்தில் பாருங்கள், அப்பாவுக்கும் அந்த இடத்தைக் காட்டிவிடுங்கள்.